செக்கிங் அக்காவின் கதவு

அவர் பெயர் எனக்கு நன்றாகத் தெரியும். ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஆபீஸ் கிளார்க்காக இருந்தபோது, ஒன்பது வருடம் வருகைப் பதிவேட்டில் அந்தப் பெயரை எழுதியவள் நான்தான். ஆனால் கடைசியாக அதை நான் எழுதியது ஒரு மெமோவில். அதனால் இங்கே எழுதப் போவதில்லை. கம்பெனியில் எல்லோரும் கூப்பிட்டதுபோல் செக்கிங் அக்கா என்றே சொல்கிறேன்.

போன மாதம் என் மகள் ஒரு பூட்டிய கதவுக்குப் பின்னால் பதினொரு நிமிடம் நின்றாள். அதிலிருந்து அக்காவை நினைக்காத நாள் இல்லை. பாசத்தில் நினைக்கிறேன் என்று சொன்னால் பொய். கோபத்தில் நினைக்கிறேன். அந்தக் கோபத்தில் ஒரு பங்கு என் மேலேயே.

சாயங்காலம் தையல் ஹாலில் மணி அடித்ததும் பெண்கள் அத்தனை பேரும் ஒரே கதவு வழியாக வரிசையாக வெளியே வருவார்கள். கதவடியில் அக்கா நிற்பார். நீலப் புடவை, அதன் மேல் காக்கிச் சட்டை, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, ஒரு நாளும் ஊதாத ஒரு விசில். டிபன் பாக்ஸைத் திறந்து காட்ட வேண்டும். பையைக் கவிழ்க்க வேண்டும். பிறகு அக்காவின் வலது கை நம் இடுப்பைச் சுற்றி ஒரு முறை போய் வரும். இடது கை கதவின் மேலேயே இருக்கும். காற்றுக்கு அது சாத்திக்கொள்ளாமல் பிடித்தபடிதான் கடைசி ஆள் வரை சோதித்து அனுப்புவார். அந்த இடது கையை யாரும் கவனித்ததில்லை. வலது கையைத்தான் எல்லோரும் வெறுத்தோம்.

நானும் வெறுத்தேன். ஸ்டாஃப் என்றாலும் பெண் என்றால் அந்த வரிசைதான். பி.காம் படித்துவிட்டு இடுப்பைக் காட்டிக்கொண்டு நிற்கிறோமே என்று ஒரு நாள் மேனேஜரிடமே போய், "ஸ்டாஃபையுமா சார் தடவிப் பாக்கணும்?" என்று கேட்டேன். "ரூல் எல்லாருக்கும் ஒன்னுதாம்மா" என்றார் அவர். அவரை யாரும் தடவிப் பார்த்ததில்லை. அவர் வந்து போவது முன்பக்கக் கண்ணாடிக் கதவு. அதில் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டியிருக்கும்.

மறுநாள் சாயங்காலம் என் முறை வந்தபோது அக்கா தெருப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மேனேஜர்கிட்ட சொன்னியாமே பாப்பா. சொல்லு, தப்பில்ல. எனக்கும் ஒருத்தர தொட்டுப் பாக்கப் புடிக்காது. அதான் அந்தாண்ட பாத்துக்கினே தொட்றேன்."

அப்போதுதான் கவனித்தேன். சோதிக்கும்போது அவர் யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

ஒரு முறை ஒரு பெண்ணின் டிபன் பாக்ஸில் மீதிச் சோற்றுக்கு அடியில் லைனிங் தோல் துண்டுகள் இருந்தன. வேலை போய்விடும் என்று அவள் டப்பாவை மூடப் பார்த்தாள். அக்கா ஒரு துண்டை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"இன்னாடி, முருங்கக்கா கெடைக்கலயா? தோலப் போட்டு கொழம்பு வச்சிக்கிற?"

வரிசை சிரித்தது. அக்கா துண்டுகளை ஓரத்துக் கூடையில் போட்டார். "காத்துல பறந்து வந்து வுழுந்துக்கிச்சு. இன்னொரு வாட்டி பறந்துச்சுனா எழுதிடுவேன். போ, பஸ்ஸு நிக்குது."

பொருள் வெளியே போகாமல் பார்த்துக்கொள்ளச் சம்பளம் வாங்கியவர் அவர். ஆள் உள்ளே மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள அவருக்கு யாரும் சம்பளம் தரவில்லை. அந்த வேலையை அவராகவே செய்தார்.

காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டதும் முதல் வேலை, கம்பெனியில் இருக்கும் ஒவ்வொரு கதவையும் உள்ளங்கையால் தள்ளிப் பார்ப்பது. தையல் ஹால், தோல் ஸ்டோர், கேன்டீன், கழிவறை என்று வரிசையாகப் போவார். திறந்தால் ஒன்றும் சொல்லமாட்டார். திறக்காவிட்டால் அங்கேயே நின்றுகொண்டு, எதிரே வருகிறவர் மெக்கானிக்கோ சூப்பர்வைசரோ, "இது பூட்டிக்கீதா, மாட்டிக்கிச்சா?" என்று கேட்பார். பதில் கிடைக்கிற வரைக்கும் நகரமாட்டார். "வந்துடுச்சு கதவு இன்ஸ்பெக்டரு" என்று ஆண்கள் கிண்டல் செய்வார்கள்.

பெண்கள் உள்ளே போய் போன் பார்க்கிறார்கள் என்று கழிவறைக் கதவுகளின் உள்தாழ்ப்பாளை ஒரு சமயம் கழற்றிவிட்டார்கள். அக்கா மூன்று நாள் கழிவறை வாசலிலேயே நின்றார். செக்கிங் கதவில் ஆள் இல்லை என்று சூப்பர்வைசர் கத்தினார். "உள்ள தாப்பா வைங்க, நான் அங்க வந்து நிக்கிறேன்" என்றார் அக்கா. நான்காம் நாள் தாழ்ப்பாள் திரும்பி வந்தது. அன்று சாயங்காலம் என்னைத் தடவிக்கொண்டே, "தாப்பா உள்பக்கம் இருந்தா வூடு பாப்பா. வெளிப்பக்கம் இருந்தா ஜெயிலு" என்றார்.

நாட்றம்பள்ளிப் பக்கத்துப் பெண்கள் வருகிற வேனின் பின்கதவை டிரைவர் நைலான் கயிற்றால் கட்டிவைத்திருந்தார். அக்கா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றதை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன்.

"லாக் லூசுக்கா. அவுத்தா ஓட்றப்பவே தொறந்துக்கும். எவளாவது வுழுந்தா யார் பதில் சொல்றது?" என்றார் டிரைவர்.

"அப்போ லாக்க மாத்து. கட்டாத."

"ஓனர்கிட்ட சொல்லிக்கிறேன்."

"சொல்லு. சொல்ற வரைக்கும் நான் இதுல குந்திக்கினு வர்றேன்."

அவர் வீடு ஆம்பூரிலேயே, பாலாற்றுப் பக்கம். ஆனாலும் இரண்டு வாரம் அந்த வேனின் பின்சீட்டில் உட்கார்ந்து, கயிறு இல்லாத கதவைக் கையால் பிடித்தபடி நாட்றம்பள்ளி வரை போய், பஸ் பிடித்துத் திரும்பி வந்தார். லாக் மாற்றினார்கள். இதையெல்லாம் அப்போது நாங்கள் சிரிக்கச் சிரிக்கப் பேசிக்கொண்டோம்.

எங்கள் சூப்பர்வைசர் வீட்டுக் கல்யாணம் ஒரு பெரிய ஷாதி மஹாலில் நடந்தது. முன்வாசலில் கண் கூசும் சீரியல் விளக்கு, துணியில் செய்த வளைவு, பன்னீர் தெளிக்கும் மெஷின். அக்கா உள்ளே வந்ததும் மணமகளைப் பார்க்கவில்லை. பக்கவாட்டுக் கதவைப் போய்த் தள்ளிப் பார்த்தார். அது பாதிதான் திறந்தது. வெளியே சந்தில் கதவை ஒட்டி பிரியாணி தேக்சாக்கள் வரிசையாக நின்றன. மூடி மேல் கங்கு போட்டு தம்மில் இருந்தன.

"பாய், இத கொஞ்சம் அந்தாண்ட தள்ளேன்."

"அக்கா, தம் போட்டாச்சு. இப்போ அசைச்சா பிரியாணி போய்டும்" என்றார் பிரியாணி மாஸ்டர்.

"பிரியாணி போனா மறுபடி ஆக்கலாம் பாய்."

"கல்யாணத்துல வந்து இன்னா பேச்சுக்கா பேசற? ஊரே சாப்பிட வந்துக்கீது."

"அதான் சொல்றேன். ஊரே உள்ள கீது."

மாஸ்டர் நகர்த்தவில்லை. நியாயம்தான், தம் போட்ட தேக்சாவை யார் நகர்த்துவார்கள். அக்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அந்தக் கதவோரம் உட்கார்ந்துகொண்டார். பந்தி தொடங்கி, தேக்சாக்கள் ஒவ்வொன்றாக உள்ளே போய், கதவு முழுதாகத் திறந்த பிறகுதான் எழுந்து கை கழுவினார். அப்போது கடைசிப் பந்தி நடந்துகொண்டிருந்தது. மாஸ்டர் தானே வந்து அவர் தட்டில் இரண்டு துண்டு ஜாஸ்தியாக வைத்துவிட்டு, "இப்போ நிம்மதியா?" என்று கேட்டார். "இப்போ பசிக்குது" என்றார் அக்கா.

அன்றைக்குத் திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவரிடம் கேட்டேன். "ஏங்க்கா இப்படி? உங்க வீட்ல யாருக்காவது ஏதாவது ஆச்சா?"

கம்பெனியில் பல கதைகள் உலாவின. தங்கச்சி தீயில் போனாள் என்றார்கள். பட்டாசுக் கடையில் புருஷன் மாட்டிக்கொண்டான் என்றார்கள். நானும் அப்படி ஒன்றைத்தான் எதிர்பார்த்தேன். அக்கா என்னை வினோதமாகப் பார்த்தார்.

"ஒன்னும் நடக்கல. எல்லாம் நல்லாத்தான் கீறாங்க. ஏன், நடக்கணுமா இன்னா?"

எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. ஒரு சாவு இருந்திருந்தால் அவரைப் புரிந்துகொள்வது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். யாரும் சாகாமலே ஒருத்தி கதவைத் திறந்து வை என்று கேட்டால் அவளைத் தொந்தரவு பிடித்தவள் என்கிறோம். சாவு நடந்த பிறகு கேட்டால் பாவம் என்கிறோம். இரண்டுக்கும் நடுவில் யார் சொல்வதையும் நாம் கேட்பதில்லை.

நம் ஊரில் உள்ளே வருகிற வாசலுக்குத்தான் எல்லா மரியாதையும். மாவிலை அதற்கு, கோலம் அதற்கு, திருஷ்டிப் பூசணி அதற்கு. பின்கதவுக்கு உடைந்த நாற்காலியும் பழைய அட்டைப்பெட்டியும் ஒரு பூட்டும்.

எங்கள் தையல் ஹாலிலும் ஒரு பின்கதவு இருந்தது. சிவப்புப் பெயின்ட் அடித்து, ஓடுகிற மனிதன் படம் ஒட்டி, 'அவசர வழி' என்று எழுதியிருக்கும். ஒரு முறை அந்த வழியாகத் தோல் கட்டு ஒன்று காம்பவுண்டுக்கு வெளியே போய்விட்டது. அதிலிருந்து அதில் பூட்டு.

ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் சார்பில் ஆடிட் பண்ண வருவார்கள். வருவது முந்தின நாளே தெரிந்துவிடும். அன்று சாயங்காலம் வழியில் இருக்கும் பெட்டிகளெல்லாம் ஸ்டோருக்குப் போகும். தரையில் மஞ்சள் கோட்டைப் புதிதாக அடிப்பார்கள். பின்கதவுப் பூட்டைக் கழற்றி மேனேஜர் மேஜைக்குள் வைப்பார்கள். ஆடிட்டர் கதவைத் தள்ளிப் பார்ப்பார், திறக்கும், படம் எடுத்துக்கொள்வார். அவர் கார் ஹைவே ஏறுவதற்குள் பூட்டு திரும்பிவிடும். வருடத்தில் இரண்டு நாள் மட்டும் எங்கள் கம்பெனியில் தீ பிடிக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா விடவில்லை. தினமும் காலையில் அந்தக் கதவைத் தள்ளிவிட்டு நேராக மேனேஜர் அறைக்குப் போய் நிற்பார். கடைசியில் மேனேஜர் ஒரு யோசனை கண்டுபிடித்தார். கதவுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு சின்னப் பெட்டி. முன்னால் கண்ணாடி. உள்ளே பித்தளைச் சாவி ஒன்று தொங்கியது. ஆபத்து நேரத்தில் கண்ணாடியை உடைத்துச் சாவியை எடுத்துக்கொள்ள வேண்டியது. "இப்போ உங்களுக்குத் திருப்தியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"இந்தச் சாவி இந்தப் பூட்டுதா சார்?"

"அப்புறம் என் வீட்டுப் பூட்டா?"

ஹால் சிரித்தது. அக்காவும் சிரித்தார். கொஞ்ச நாள் அமைதியாகவும் இருந்தார்.

மாதம் ஒரு முறை பாதுகாப்பு லிஸ்ட் ஒன்றை நிரப்புவது என் வேலை. 'அவசர வழிச் சாவி உள்ளது: ஆம் / இல்லை' என்று ஒரு கட்டம் அதில் சேர்ந்தது. நான் ஆம் என்று டிக் போடுவேன். மேஜையை விட்டு எழுந்ததில்லை.

அடுத்த ஆடிட்டுக்குக் கழற்றிய பூட்டு எங்கோ தொலைந்துபோனது. ஆடிட் முடிந்ததும் கடையில் புதிதாக வாங்கி மாட்டினார்கள். மறுநாள் காலை அக்கா என் மேஜைக்கு வந்தார்.

"பாப்பா, பழைய பூட்டு பித்தள. இது இரும்பு. பொட்டிக்குள்ள தொங்கறது பித்தளச் சாவி."

"அப்படியாக்கா? நான் சார்கிட்ட சொல்றேன்."

நான் சொல்லவில்லை. அன்றைக்குச் சம்பளப் பட்டியல் வேலை, அடுத்த நாள் என் குழந்தைக்குக் காய்ச்சல், அதற்கடுத்த நாள் மறந்தே போனது. அக்கா ஒவ்வொரு சாயங்காலமும் "சொன்னியா?" என்பார். "சொல்லிட்டேங்க்கா" என்று ஒரு நாள் பொய் சொன்னேன். அந்த மாத லிஸ்டிலும் டிக் போட்டேன்.

ஒரு மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் பெண்கள் ஹாலிலேயே வட்டமாக உட்கார்ந்து டப்பாவைத் திறந்தார்கள். அக்கா பின்கதவுக்குப் போனார். தன் டிபன் பாக்ஸால் கண்ணாடியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார். அத்தனை பேர் பேச்சும் அடங்கியது. சாவியை எடுத்தார். பூட்டில் வைத்தார். அது உள்ளேயே போகவில்லை. எல்லோருக்கும் தெரியும்படி சாவியைத் தூக்கிக் காட்டினார். யாரோ ஒருத்தி சிரித்தாள், பயத்தில்தான் என்று நினைக்கிறேன். பிறகு யாரும் சாப்பிடவில்லை.

மெமோவை மேனேஜர் சொல்லச் சொல்ல நான்தான் டைப் செய்தேன். கம்பெனிச் சொத்துக்குச் சேதம் விளைவித்தது, தொழிலாளர்களிடையே பீதியைக் கிளப்பியது, இன்று முதல் வேலைக்கு வரத் தேவையில்லை. கையெழுத்து வாங்க அக்காவை டைம் ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அவர் கதவைச் சாத்தாமல் ஒரு காலால் நிறுத்திக்கொண்டு நின்றார்.

"எழுது பாப்பா, உன் மேல கோவம் இல்ல. ஆனா அதுல ஒரு வரி சேத்துக்க. சாவி சேரலன்னு."

"அத நான் எழுத முடியாதுக்கா. சார் சொன்னதத்தான் டைப் பண்ணணும்."

"நீதான லிஸ்ட்ல டிக் போட்ட?"

குரலை உயர்த்தாமல்தான் கேட்டார். நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெமோவை முழுதாகப் படித்தார், தன் பெயரை எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகக் கையெழுத்துப் போட்டார், "வர்றேன்" என்றார். போகும்போது கதவு சாத்திக்கொள்ளாமல் வாசலில் கிடந்த ஒரு செங்கல்லை நகர்த்தி முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்.

அடுத்த நாளே பெட்டிக்குப் புதுக் கண்ணாடி போட்டார்கள். உள்ளே அதே பித்தளைச் சாவியை மாட்டினார்கள். அந்த மாத லிஸ்டில் 'சாவி உள்ளது' என்ற கட்டத்தில் நான் மறுபடியும் டிக் போட்டேன். சாவி இருந்ததே, பொய் இல்லையே.

அந்தக் கம்பெனியில் அதற்குப் பிறகும் தீ பிடிக்கவில்லை. இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். நான் வேலையை விட்டு வருகிற வரைக்கும் ஒன்றும் நடக்கவில்லை. மேனேஜர் நல்ல பெயரோடு ரிட்டயர் ஆனார். பல வருடம் கழித்து ஒரு முறை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் அக்காவைத் தூரத்தில் பார்த்தேன். பஸ்ஸில் ஏறி முதல் சீட்டில், படிக்கட்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் ஒரு கடைக்குள் நுழைந்து, அந்தப் பஸ் போகிற வரை வேண்டாத சீப்பு ஒன்றைப் பேரம் பேசிக்கொண்டிருந்தேன்.

என் மகள் இப்போது ப்ளஸ் டூ. டவுனில் ஒரு கோச்சிங் சென்டரில் சேர்த்தேன். தரைத் தளத்தில் எக்ஸ்போர்ட்டில் கழித்த செகண்ட்ஸ் ஷூ விற்கும் கடை, முதல் மாடியில் அதன் கோடவுன், இரண்டாம் மாடியில் சென்டர். சேர்க்கப் போன அன்று நான் எல்லாவற்றையும் பார்த்தேன். போன வருட மார்க் போட்ட ஃபிளெக்ஸ், ஏ.சி., கேமரா எல்லாம் பார்த்தேன். "கிளாஸ் ஆரம்பிச்சதும் கேட்டப் பூட்டிடுவோம் மேடம். ஒரு பொண்ணு சொல்லாம வெளிய போக முடியாது" என்றார் டைரக்டர். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை இப்போது நினைத்தால் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. அக்காவோடு ஒன்பது வருடம் இருந்தவள், மகளைச் சேர்க்கும்போது வாசலில் பூட்டு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது. சென்டரில் போனையெல்லாம் வாங்கி வைத்துவிடுவார்கள். ஒரு பெண் ஒளித்துக் கொண்டுவந்த போன் அது.

"அம்மா, கீழ கோடவுன்ல இருந்து பொக வருது. கேட் பூட்டியிருக்கு. வாட்ச்மேன் இல்ல."

பின்னால் கம்பிக் கேட்டைப் பிடித்து உலுக்கும் சத்தம் கேட்டது. இருமல் கேட்டது.

"பின்பக்கக் கதவத் தள்ளிப் பாருடி."

"தள்ளிட்டோம்மா. பூட்டியிருக்கு."

செருப்பில்லாமல் தெருவுக்கு ஓடி ஆட்டோ பிடித்தேன். லைனைத் துண்டிக்கவில்லை. பதினொரு நிமிடம் என்று போனில் பதிந்திருக்கிறது. இன்னும் அழிக்கவில்லை. டைரக்டருக்கு டீ வாங்கப் போன வாட்ச்மேனின் சட்டைப்பையில் சாவி இருந்திருக்கிறது. அவர் பிளாஸ்கோடு ஓடிவந்து திறந்தார். மின்பெட்டியில் பிடித்த நெருப்பு ஷூ அட்டைகளில் ஏறி, ரப்பர் புகையாக மாடிக்கு வந்திருக்கிறது. ஒரு பெண் மயங்கி விழுந்தாள். என் மகளுக்குக் கதவை அடித்து அடித்து இரண்டு உள்ளங்கையும் கன்றிப்போயிருந்தன. அவ்வளவுதான்.

பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் அன்றே ஒரு அப்பா எழுதினார்: 'உடனடி நடவடிக்கை எடுத்த நிர்வாகத்துக்கு நன்றி.' கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "ஒன்னும் ஆகலையே, விடு" என்றார் என் கணவர். ஒன்னும் ஆகலை, ஒன்னும் ஆகலை என்று ஒரு வாரம் எல்லோரும் எனக்கு ஆறுதல் சொன்னார்கள். கதவைத் திறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டிய நன்றியைப் பூட்டியவர்களுக்குச் சொல்கிற ஊர் இது.

பாலாற்றுப் பக்கம் போய் அக்கா வீட்டை விசாரித்தேன். வாலாஜாபேட்டையில் மகளோடு இருக்கிறார் என்றார்கள். எண் கொடுத்தார்கள். இன்னும் பேசவில்லை. பேசினால் முதல் வாக்கியம் என்ன என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சென்டரில் பெற்றோர் கூட்டம். என் மகளும் வந்தாள். டைரக்டர் இன்னும் இரண்டு கேமரா போட்டிருப்பதைச் சொன்னார். பிறகு எல்லோரையும் பின்கதவுக்கு அழைத்துப் போனார். சுவரில் ஒரு சிவப்புப் பெட்டி. முன்னால் கண்ணாடி. உள்ளே ஒரு சாவி. பக்கத்தில் சங்கிலியில் தொங்கும் ஒரு சின்னச் சுத்தியல். அப்பாக்கள் போனில் படம் எடுத்தார்கள்.

நான் பெட்டிக்குப் பக்கத்தில் போனேன்.

"இந்தச் சாவி இந்தப் பூட்டுதா சார்?"

"ஆமா மேடம், ரெண்டும் புதுசு."

"தொறந்து பாக்கலாமா?"

"இது எமர்ஜென்சிக்கு மேடம். கண்ணாடிய உடைச்சாத்தான் எடுக்க முடியும்."

"அம்மா, வேணாம்மா" என்று என் மகள் கையைப் பிடித்தாள். அவள் உள்ளங்கை இன்னும் மஞ்சளும் நீலமுமாக இருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்குச் சுத்தியலை எடுப்பது கஷ்டமாக இல்லை. டம்ளர் உடைகிற அளவுக்குத்தான் சத்தம் வந்தது.

சாவி பூட்டில் சேர்ந்தது. திரும்பியது. ஒரு நொடி எனக்கு வெட்கமாகிவிட்டது. "பாத்தீங்களா மேடம்" என்றார் டைரக்டர். பூட்டை எடுத்துக் கீழே வைத்தேன். தாழ்ப்பாளை இழுத்தேன். உள்ளங்கையை வைத்துத் தள்ளினேன்.

இரண்டு விரல் அகலம் திறந்து, கதவு நின்றுவிட்டது. இடுக்கில் அட்டைப்பெட்டி தெரிந்தது. கோடவுன் பெட்டிகளை, புகை பிடித்தது போக மிச்சத்தை, பின்படிக்கட்டு முழுக்க அடுக்கிவைத்திருந்தார்கள்.

"நாளைக்கு எடுக்கச் சொல்லிட்றேன் மேடம்."

"இப்போ."

"ஞாயித்துக்கெழம, கடைல ஆள் கம்மி."

"நான் நிக்கிறேன் சார். எடுக்கட்டும்."

வாட்ஸ்அப்பில் நன்றி சொன்ன அதே அப்பா பொறுமை இழந்தார். "ஏன் மேடம் பேஜார் பண்றீங்க? அன்னிக்கே ஒன்னும் நடக்கலையே?"

"ஏன், நடக்கணுமா இன்னா?"

என் வாயிலிருந்துதான் வந்தது. நான் இன்னா என்று பேசுகிறவள் இல்லை. மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்த அப்பா போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு கீழே போய், கடையில் இருந்த இரண்டு பேரோடு பின்படிக்கட்டில் ஏறி வந்தார். முனகிக்கொண்டே பெட்டிகளை இறக்கினார்கள். அதுவரை நான் இடது கையைக் கதவிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக அது என் கைக்குக் கீழே நகர்ந்து, கடைசியில் சுவரில் போய் இடித்து நின்றது. என் மகள் யாரும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள். சற்றுக் கழித்து ரோட்டிலிருந்து அவள் குரல் வந்தது. "அம்மா, வெளிய வந்துட்டேன்."

கூட்டம் முடிந்ததும் ஒரு நோட்டை நீட்டினார்கள். பாதுகாப்பு ஏற்பாடுகளைப் பார்த்தோம், திருப்தி என்று எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். நான் எழுதினேன்: சாவி சேர்ந்தது. கதவு திறக்கவில்லை. பெட்டிகளை எடுத்த பிறகு திறந்தது. கீழே என் பெயரை எழுதினேன். அதற்குக் கீழே இன்னொரு பெயரையும், இனிஷியலோடு, பதிவேட்டில் எழுதிப் பழகிய அதே கையெழுத்தில் எழுதினேன்.

டைரக்டர் நோட்டைத் திருப்பிப் படித்தார். இரண்டாவது பெயரில் விரலை வைத்தார்.

"இவங்க எந்த ஸ்டூடன்ட்டோட பேரன்ட் மேடம்?"

"பேரன்ட் இல்ல" என்றேன். "செக்கிங்."